பட்டாளத்தார் மனைவியரின் வசந்தம்: சித்தூர் முதல் வெலிங்டன் வரை

பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் வசந்தம் போர் நினைவோடு பிறக்கிறது. மாசி மாதத்தில், மலையாளக் கணக்கில் கும்பத்தில், சித்தூர் பகவதி கோயிலில் ‘கொங்கன் படை’ நிகழ்கிறது. கொங்கு நாட்டிலிருந்து கணவாய் வழியே வந்த படையைப் பகவதியின் துணையோடு ஊரார் முறியடித்தனர் என்பது அதன் ஐதிகம். சித்திரை விஷு கழிந்ததும் இவ்வட்டாரத் தேசங்களின் பகவதி கோயில்களில் கண்யார்களி தொடங்குகிறது. போர்ப்பயிற்சியின் சாயல் கொண்ட இந்த ஆட்டத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்பது மரபு. நல்லேப்பிள்ளி உள்ளிட்ட எல்லையோர ஊர்களின் இளவேனில் இவ்விரு விழாக்களுக்கும் இடைப்பட்ட காலம்.

இவ்விழாக்களில் படை இருக்கிறது. படைக்குப் போனவனின் வீடு இல்லை. அவன் புறப்பட்ட பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, வயலுக்கு யார் நீர் பாய்ச்சினார்கள், செய்தி வராத மாதங்களில் அவன் மனைவி யாருடன் பேசினாள் என்பவற்றை எந்த ஆட்டமும் சொல்வதில்லை. படைவரலாற்று நூல்களும் பெரும்பாலும் சொல்வதில்லை. படைவீரர் மனைவியரின் சங்கங்கள் என்றாலே தேநீர் விருந்தும் பூக்கோலப் போட்டியும் நினைவுக்கு வருவதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம். அச்சங்கங்களின் வரலாற்றைத் தோண்டினால் அடியில் கிடப்பது ஒரு பழைய கேள்வி: படை நகரும்போது குடும்பத்துக்குப் பொறுப்பு யார்?

பாலக்காட்டுக் கணவாய் இக்கேள்வியை நன்கறிந்த நிலம். 1766இல் ஹைதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டை, 1768, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மேற்குக் கரைக்கும் கொங்குச் சமவெளிக்கும் இடையே படைகள் செல்ல வசதியான வழி இதுவே. சித்தூர் வட்டமோ பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி சூழ, கொச்சி அரசுக்குரிய தனித் துண்டாகக் கிடந்தது. அரசுகள் மாறினாலும் அவ்வழியே சிப்பாய்கள் வருவதும் போவதும் நிற்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று படைகளில் சென்னைப் படைக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. வங்கப் படைச் சிப்பாய் பொதுவாகக் குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டு வந்தான். சென்னைப் படைச் சிப்பாயோ குடும்பத்தோடு ‘லைன்’ எனப்பட்ட குடிசை வரிசைகளில் வாழ்ந்தான். படை இடம் மாறினால் மனைவி, மக்கள், முதிய தாய் என அனைவரும் மாட்டுவண்டிகளில் பின்தொடர்ந்தனர். சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் படையின் பட்டியலிலேயே இடம் இருந்தது. இறந்தவரின் மகனும் பணியில் இருப்பவரின் மகனும் ‘ரெக்ரூட் பையன்’, ‘பென்ஷன் பையன்’ என்ற பெயர்களில் சிறு ஊதியம் பெற்று வளர்ந்து, பின்னர் சிப்பாய்களாயினர். படைப்பிரிவு நகரும் கிராமம் போல இயங்கியது. திருமணமும் பேறும் சாவும் திருவிழாவும் அந்தக் குடிசை வரிசைகளிலேயே நடந்தன. படைவீரர் மனைவியரின் கூட்டுவாழ்வு தென்னகத்தில் தொடங்கிய இடம் இது. அதற்குத் தலைவியோ விதிமுறைகளோ இருக்கவில்லை; கிணற்றடியும் கோயில் முற்றமும் இருந்தன.

கடல் கடக்க வேண்டியிருந்தபோது இந்த ஏற்பாடு உடைந்தது. 1824 மே மாதத்தில் ரங்கூனில் இறங்கிய படையில் சென்னைச் சிப்பாய்கள் பெருந்தொகையினர். கப்பலில் குடும்பத்துக்கு இடமில்லை. எனவே ஊதியத்தின் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் ‘குடும்பச் சான்று’ முறை வழக்கில் இருந்தது. அந்தத் தாளை வைத்திருந்த பெண் மாதந்தோறும் தன் பங்கைப் பெற்றாள். பிற்கால மணியார்டருக்கும் வங்கிக் கணக்குக்கும் இதுவே முன்னோடி.

வீட்டுப் பங்கைப் பிரித்துவைத்துவிட்டுப் புறப்படும் சிப்பாய்க்கு ஊதியத்தில் ஏற்படும் சிறு குறைவும் பேரிடி. 1844இல் சிந்து மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட 47ஆம் சென்னைக் காலாட்படையில் எழுந்த கலகத்தை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். புறப்படும்போது சென்னை ஆளுநர் வாக்களித்த படித்தொகை, மேலரசின் விதிகளோடு பொருந்தாமல் வழியிலேயே இல்லாமற் போனது. சிப்பாய்கள் அணிவகுப்பிலேயே எதிர்ப்புக் காட்டினர். படை ஆவணங்கள் இதை ஒழுங்கு மீறலாகப் பதிந்தன. ஊரில் காத்திருந்த குடும்பங்களுக்கோ அது சோற்றுக் கணக்கு.

ஆங்கிலேயச் சிப்பாயின் மனைவி நிலையும் மேலானதன்று. பிரிட்டிஷ் படையில் அனுமதி பெற்று மணந்து, படையின் கணக்கில் ஏறிய சிலருக்கே தங்குமிடமும் அரிசிப்படியும் கிடைத்தன. மற்றவர்கள் துறைமுகத்தில் கைவிடப்பட்டனர். கணக்கில் ஏறியவர்கள் படைக்குத் துணி துவைத்தும் தைத்தும் நோயாளரைப் பேணியும் தங்கள் இடத்தைக் காத்துக்கொண்டனர். நீலகிரியின் ஜக்கதலாவில் 1852இல் தொடங்கிய படைக்குடியிருப்பு 1860இல் வெலிங்டன் எனப் பெயர் பெற்றது. கோடைக்கு முந்தைய மாதங்களில் சமவெளியின் வெக்கைக்குத் தப்பி மலையேறிய அதிகாரிகளின் மனைவியர் விருந்து, குதிரைப் பந்தயம், மலர்த்தோட்டம் ஆகியவற்றைச் சுற்றி ஒரு வசந்தகாலச் சமூகத்தை உருவாக்கினர். உதகையின் மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. கிளப் என்ற அமைப்பும் ‘சீசன்’ என்ற சொல்லும் இவ்வழியே வந்தவை. சிப்பாயின் மனைவி அந்தத் தோட்டத்துக்குள் விருந்தினராக நுழைந்ததில்லை.

இதற்கிடையே தென்னாட்டுச் சிப்பாயே படையிலிருந்து விலக்கப்பட்டான். ‘போர்க்குடி’ என்ற கோட்பாடு வலுப்பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் படைப்பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. 1928இல் எஞ்சிய சென்னைக் காலாட்படையும் கலைக்கப்பட்டது. குடிசை வரிசைகளின் பழைய கூட்டுவாழ்வு அத்துடன் முடிந்தது. இரண்டாம் உலகப்போரின்போது சென்னை ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டு, பல்லாயிரம் தமிழரும் மலையாளிகளும் படையில் சேர்ந்தனர். ஆனால் குடும்பத்தைக் கூட்டிச் செல்லும் பழைய உரிமை திரும்பவில்லை. வீரன் பாசறையில், மனைவி ஊரில் என்பது பொது விதியாயிற்று.

இப்படி உருவானதுதான் ‘பட்டாளக்காரன் வீடு’. மலையாளத்தில் நந்தனார், கோவிலன், பாறப்புறத்து முதலியோரின் பட்டாளக் கதைகள் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தன. எல்லையோரத் தமிழ் வீடுகளிலும் அதே வாழ்க்கைதான். கடிதத்தின் முகவரியில் ஊர்ப்பெயர் இராது. வீரனின் எண், பெயர், படைப்பிரிவு, ‘56 ஏ.பி.ஓ.’ என்பவை மட்டும் இருக்கும். அவன் பனிமலையில் இருக்கிறானா, பாலைவனத்தில் இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. தபால்காரர் மணியார்டரோடு வந்தால் நிம்மதி. தந்தியோடு வந்தால் தெருவே கூடிவிடும். ஆண்டு விடுப்பு 60 நாள். விஷுவுக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ விடுப்புக் கிடைத்த ஆண்டுதான் அந்த வீட்டுக்கு வசந்தம். கறுப்பு டிரங்குப் பெட்டி திண்ணையில் இறங்கும் நாளில் திருமணப் பேச்சு, நில அளவை, கூரை மாற்றுதல், குழந்தைக்குக் காதுகுத்து என ஓராண்டின் வேலைகள் அனைத்தும் வரிசையில் நிற்கும்.

1962 சீனப்போரின்போது நாடெங்கும் பெண்கள் எல்லை வீரர்களுக்குக் கம்பளி பின்னினர். நகைகளைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு அளித்தனர். 1965இல் மீண்டும் போர். இவ்விரு போர்களும் கைம்பெண்களின், ஊனமுற்ற வீரர்களுடைய குடும்பங்களின் துயரை அரசின் கண்ணுக்கு முன் நிறுத்தின. 1966 ஆகஸ்டு 23 அன்று டெல்லியில் ராணுவ மனைவியர் நலச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. ‘ஆவா’ என்ற சுருக்கப் பெயரால் கண்டோன்மென்ட்களில் அறியப்படுவது இதுவே. விமானப்படையிலும் கடற்படையிலும் இத்தகைய சங்கங்கள் பின்னர் அமைந்தன. போரில் கணவரை இழந்தவர்களுக்கென மோகினி கிரி 1972இல் தனி அமைப்பைத் தொடங்கினார்.

ஆவாவின் கட்டமைப்பு படையின் நிழல். தலைமைத் தளபதியின் மனைவி அதன் தலைவர். கீழே ஒவ்வொரு படைப்பிரிவிலும் கட்டளை அதிகாரியின் மனைவி குடும்ப நல மையத்தை நடத்துகிறார். தையல், கணினி, சமையல் வகுப்புகள், மருத்துவ முகாம், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான ‘ஆஷா’ பள்ளிகள் என அதன் பணி விரிந்தது. வீட்டைவிட்டு முதன்முறை வெளிமாநிலம் வந்த இளம்பெண்ணுக்கு வங்கிப் படிவம் நிரப்பவும் இந்தியில் மருத்துவரிடம் பேசவும் கற்றுத்தந்தது இந்த மையமே. பதவி தேர்தலால் வராமல் கணவரின் பதவியால் வருவது இதன் குறை. சிப்பாயின் மனைவிக்கும் அதிகாரியின் மனைவிக்கும் இடையிலுள்ள நாற்காலி வரிசை, ஆண்களின் தோள்பட்டை நட்சத்திரங்களை அப்படியே பின்பற்றுகிறது.

கண்டோன்மென்டின் வசந்தத்துக்கு இரண்டு முகங்கள். ஏப்ரல் நடுவில் சில நாள்களுக்குள் தமிழ்ப் புத்தாண்டும் விஷுவும் பஞ்சாபியரின் வைசாகியும் அசாமியரின் பிகுவும் சேர்ந்து வருகின்றன. பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ்களில் ஒரு வீட்டில் மாங்காய்ப் பச்சடி, ஒரு வீட்டில் கணிக்கொன்றை, இன்னொரு வீட்டில் அரிசிப் பிட்டா. ஊரில் இருந்தால் அறிந்திராத உறவுகள் இவை. அதே மாதங்கள்தாம் பிரிவின் மாதங்களும். பள்ளி ஆண்டு முடிவதையொட்டி இடமாறுதல்கள் வருகின்றன. 1947இல் சென்னை ரெஜிமென்ட் மையம் வெலிங்டனுக்கு வந்தது. அங்கேயே அமைந்த படைத்துறைப் பணியாளர் கல்லூரியின் ஆண்டுப் பயிற்சி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பத்து மாதம் பழகிய பெண்கள் ஒரே வாரத்தில் இந்தியாவின் எல்லாத் திசைகளுக்கும் பிரிகின்றனர். வழியனுப்பு விருந்து கேளிக்கையாகத் தெரியலாம். மீண்டும் மீண்டும் வேரறுக்கப்படும் வாழ்க்கைக்கு அது ஒரு சடங்கு.

நல்லேப்பிள்ளி போன்ற ஊர்களுக்கு இவ்வரலாற்றில் உள்ள இடத்தை இப்போது கேட்கலாம். கணவன் எல்லைப்புறப் பணியில் இருந்தால் குடும்பம் உடன் செல்ல இயலாது. அமைதி நிலையங்களிலும் குடும்பக் குடியிருப்பு எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. ஆகவே சிப்பாயின் மனைவி தன் மணவாழ்வின் பெரும்பகுதியைக் கழிப்பது கண்டோன்மென்ட் வேலிக்கு வெளியே. சங்கம் வேலிக்கு உள்ளே இருக்கிறது. வெலிங்டன், கோவை, மேட்டுப்பாளையம் வழியாக ஒரு பகல் பயணம்தான். ஆயினும் அங்கு நடக்கும் வசந்த விழாவுக்கும் இங்கு மாமியாரையும் ஆடுமாடுகளையும் கவனிக்கும் பெண்ணுக்கும் தொடர்பு மெல்லியது. மாவட்டப் படைவீரர் நல அலுவலகமும் முன்னாள் வீரர் சங்கங்களின் மகளிர் பிரிவுகளுமே அவளுக்கு எட்டும் அமைப்புகள். 1998இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் அவளுக்கு இன்னும் நெருக்கமானது. பத்து முதல் இருபது பெண்கள் வாரந்தோறும் கூடும் அந்த முற்றத்தில் கணவரின் பதவி எவருக்கும் இருக்கை தருவதில்லை. பழைய சென்னைப் படையின் கிணற்றடிக் கூட்டுறவுக்கு இதுவே நெருங்கிய வாரிசு எனலாம்.

சங்கங்களின் பெயர்களும் மாறிவருகின்றன. விமானப்படைச் சங்கம் தன் பெயரில் இருந்த ‘மனைவியர்’ என்ற சொல்லை நீக்கிக் ‘குடும்பங்கள்’ என்று வைத்துக்கொண்டது. கடற்படைச் சங்கமும் அச்சொல்லைக் கைவிட்டது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க ஆணையிட்டது. மனைவி படையில் இருக்கக் கணவன் வீட்டில் காத்திருக்கும் குடும்பங்களும் பெருகும். அப்போதும் பழைய கேள்வி அப்படியே நிற்கும்: படை நகரும்போது குடும்பத்துக்குப் பொறுப்பு யார்?

இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாகப் பெண்கள் தந்த விடைகள் எந்த ஆவணக்காப்பகத்திலும் முறையாகச் சேர்க்கப்படவில்லை. சங்க ஆண்டறிக்கைகள் தலைவியரின் பெயர்களைக் காக்கின்றன. சிப்பாயின் மனைவி விட்டுச் சென்றவை 56 ஏ.பி.ஓ. முத்திரை பதிந்த உறைகள், மணியார்டர் துண்டுகள், தபால் நிலையப் பாஸ் புத்தகம், விடுப்பு நாள்கள் குறிக்கப்பட்ட பழைய நாள்காட்டி. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. கடிதம் எழுதும் வழக்கமும் ஏறக்குறைய ஓய்ந்தது. பட்டாளத்தில் கணவனைக் கொண்டிருந்த மூதாட்டியர் சித்தூர் வட்டத்தில் இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய டிரங்குப் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போகும் முன், ஊர் நூலகங்களும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் அந்தத் தாள்களைப் படியெடுத்து, அவர்கள் சொல்வதைத் தமிழிலும் மலையாளத்திலும் பதிவு செய்ய வேண்டும். கோடை விடுமுறை தொடங்கும் இந்த மாதங்களே அதற்கு ஏற்ற காலம்.