ஆழம் வேறு, அடுக்கு வேறு: கீழடித் தரவுகளை முன்வைத்து

முழு அறிக்கை வெளிவந்துவிட்டால் கீழடிக் காலக்கணிப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது ஆய்வுலகில் பரவலான நம்பிக்கை. அறிக்கையையே தரவாகக் கொள்வதால் வரும் நம்பிக்கை இது. அறிக்கை என்பது அகழ்ந்தவர் எட்டிய முடிவு. அம்முடிவைப் பிறர் சரிபார்க்க அதற்கு அடியில் கிடக்கும் பதிவேடுகள் வேண்டும்.

ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் நான்காம் கட்ட அகழாய்வில் (2017–18) கிடைத்த ஆறு கரிம மாதிரிகள் மயாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குச் சென்றன. 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205 என்று 2019 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 580 மேடைக்கு மேடை முழங்கியது. 353 பற்றிப் பேசியவர் குறைவு.

முதலில் 580. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் கதிர்க்கரிம அளவுத்திருத்த வளைவு தட்டையாகக் கிடக்கிறது. அங்கே விழும் எந்த அளவீடும் ஒற்றை ஆண்டைத் தராது. நூற்றாண்டுகள் அகலமுள்ள வீச்சையே தரும். உண்மைக் காலம் 580க்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். இதனால் கீழடியின் தொன்மை குறைந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2020இல் இன்ட்கால்20 என்ற புதிய வளைவு வந்தது. ஆய்வகத்தின் மூல அளவீடும் பிழைவரம்பும் கணினி படிக்கும் வடிவில் பொதுவில் இருந்தால், எந்த மாணவரும் சில நிமிடங்களில் மறுகணக்குப் போடலாம்.

353தான் உண்மையான முடிச்சு. கீழடியில் உறைகிணறுகள் உண்டு. கிணறோ குழியோ வெட்டப்பட்ட இடத்தில் பழைய மண் மேலே ஏறும், புதிய பொருள் கீழே இறங்கும். ஆகவே ஒரே ஆழத்தில் கிடைத்த கரியும் எழுத்துப் பொறித்த ஓடும் ஒரே காலத்தவை என்று ஆழத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குழி எண், மண்ணடுக்கு எண், வெட்டுமுகப் படம் மூன்றும் சேர வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் முன்னர் கீழடியில் அகழ்ந்த கி. அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கைக்கு, 2025 மே மாதம் அத்துறை திருத்தம் கேட்டபோது எழுப்பிய கேள்விகளுள் இதுவும் ஒன்று: ஆழம் மட்டும் போதாது, அடுக்கு எண் வேண்டும். அவர் தம் முடிவுகளை மாற்ற மறுத்தார். கோரிக்கையின் உள்நோக்கம் பற்றி அரசியலார் பேசட்டும். கேள்வி தொல்லியல் கேள்விதான். ஆனால் கையெழுத்துப் படி குறித்து எழுதிய கடிதத்தில் அது கேட்கப்பட்டதும், இரண்டாண்டு கழித்துக் கேட்கப்பட்டதும் ஏற்கத்தக்கவை அல்ல. பதிவேடுகள் திறந்திருந்தால், கேட்டவர் சரியா மறுத்தவர் சரியா என்று மூன்றாமவர் பார்த்திருப்பார்.

அரிக்கமேடு இதற்குச் சான்று. 1945இல் அங்கே அகழ்ந்த வீலர் மறு ஆண்டே வெட்டுமுகப் படங்களுடன் முடிவுகளை வெளியிட்டார். 1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி அவருடைய காலக்கணிப்பையே கேள்விக்குள்ளாக்க, அந்த வெளியீடுதான் அடித்தளமாக இருந்தது. மாறாக, மதுரையை அடுத்த பரவையில் 1880களில் அலெக்சாண்டர் ரீ கண்ட தாழிகளைக் கீழடித் தொகுப்பின் கொந்தகைத் தாழிகளோடு அடுக்கு வாரியாக ஒப்பிட, அக்காலச் சுருக்கக் குறிப்புகள் போதா.

இடங்களைத் திறந்து காட்டினால் தொல்பொருள் திருட்டு பெருகும் என்பார்கள். துல்லிய அமைவிடத்தை மறைத்து மற்றதைத் தரலாம். பிரிட்டனின் யார்க்கில் 1996 முதல் இயங்கும் தொல்லியல் தரவுச் சேவை போன்ற காப்பகங்களுக்கு இது புதிய சிக்கல் அன்று. செலவு என்ற வாதம், கீழடி நூலை 24 மொழிகளில் வெளியிட்ட மாநிலத்தில் எடுபடாது.

கடினமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளிச்சந்தைத் திடலில் முதல் மூன்று கட்டங்களை ஒன்றிய அரசின் துறையும் அடுத்தவற்றை மாநிலத் துறையும் அகழ்ந்தன. இருவர் குழிகளையும் ஒரே கட்டவலையில் பொருத்தி, ஒருவரின் எந்த அடுக்கு மற்றவரின் எந்த அடுக்கு என்று காட்டும் பொது அட்டவணை வேண்டும். அதற்கு இரு துறைகளின் களக் குறிப்பேடுகளும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும்.