மாதம் 3 ரூபாய்த் தோட்டமும் மேட்டுப்பாளையம் மண்டியும்

உதகமண்டலம் சென்று தாவரவியல் பூங்காவின் புல்வெளியையும் மலர்ப் பாத்திகளையும் கண்டு களிப்பவர்களில், அப்பூங்காவின் பூர்வ சரித்திரம் நிலைக்காமற்போன ஒரு காய்கறித் தோட்டத்தில் தொடங்குகிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே. 1840-களில் அங்குக் குடியேறியிருந்த ஐரோப்பியர்கள், ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, தங்களுக்கு வேண்டிய கறிகாய்களைச் சகாயமாகப் பெறும் நோக்கத்துடன் தோட்டமொன்றை வைத்தார்கள், அது நடக்கவில்லை. அதன் பின்னரே பொதுப் பூங்கா என்னும் யோசனை பிறந்து, 1848-ல் மக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் அப்பணிக்கு வந்து சேர்ந்தார்.

இத்தோட்டத்துக்கு முன்பே, 1819-ல் கோத்தகிரிப் பக்கம் மலையேறிய கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் உருளைக்கிழங்கு முதலிய சீமைப் பயிர்களைக் கொண்டுவந்தாரெனினும், அவற்றை ஜீவனோபாயமாக்கிய பெருமை, சாமையும் கேழ்வரகும் விளைத்துவந்த படகர் சமூகத்து விவசாயிகளையே சாரும் என்பது என் திடமான அபிப்பிராயம். சாமை விளைந்தால் வீட்டுப் பானை நிறையும். உருளைக்கிழங்கு விளைந்தாலோ சாக்கு வேண்டும், வண்டி வேண்டும், அடிவாரத்தில் விலை பேச ஒருவர் வேண்டும். அடிவாரத்துக்கும் மலைக்கும் இடையே வழி திறந்து, 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகை வரையிலும் மலை ரயில் வந்தது.

ஆனால் லாபத்தை நிர்ணயித்த இடம் வயலன்று, அடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டி. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் தந்த மண்டிக்காரரிடமே மூட்டைகளைப் போட்டாக வேண்டும் என்ற நிலையில், அவர் சொன்ன விலையிலிருந்து கமிஷனும் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் பழைய பாக்கியும் கழிந்த பிறகு, மாதக்கணக்கில் பனியிலும் மழையிலும் மண்வெட்டி பிடித்தவன் கையில் எஞ்சியது எவ்வளவு என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. இக்கட்டை அறுக்கவே 1935-ல், ராவ் பகதூர் ஆரி கவுடரின் பெருமுயற்சியால் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. வாங்குவோர் பலர் போட்டியிட்டு விலை கேட்கும் சங்கத்து ஏலம், கடனாளிக்கு அதுவரை கிட்டாத சுதந்திரமாகும்.

1961-ல் வேறொரு விரோதி வெளிப்பட்டது. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு, கிழங்கு பயிரிடப்படாத காலத்திலும் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியது. இப்புழுவுக்குப் பின், நாளடைவில் கேரட்டும் முட்டைகோசும் பீட்ரூட்டும் பாத்திகளைப் பெருமளவில் கைப்பற்றின. உருளைக்கிழங்கை, விலை ஏறட்டுமென்று, சில வாரங்களேனும் மூட்டை கட்டி வைத்திருக்கலாம்; மண்ணிலிருந்து பிடுங்கிக் கழுவிய கேரட்டோ அவ்விதம் காத்திராது, வந்த விலைக்கு அன்றே லாரி ஏறிவிட வேண்டியதுதான்.