கேரள மக்கள் திட்ட இயக்கமும் ஊராட்சிகளின் கூட்டுக் கற்றலும்

உள்ளாட்சிகள் திறன் பெற்ற பின்னரே அவற்றுக்கு நிதியும் அதிகாரமும் வழங்கப்பட வேண்டும் என்பது இந்திய நிர்வாக மரபில் நெடுங்காலம் நிலவிய வாதமாகும். கேரளம் 1996இல் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியின் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு உரியதென அறிவிக்கப்பட்டது; செலவிடும் பொறுப்பை ஏற்றபடியே அவை திட்டமிடக் கற்க வேண்டியதாயிற்று.

இம்முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. எழுத்தறிவு இயக்கத்தில் அனுபவம் பெற்றிருந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1990களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டக் கல்யாசேரி ஊராட்சியில் மக்களைக் கொண்டே வள வரைபடம் உருவாக்கித் திட்டமிடலைச் சோதித்துப் பார்த்தது. ஓர் ஊரின் இப்பட்டறிவை 990 கிராம ஊராட்சிகளுக்கும் கொண்டுசெல்வதே 1996இல் எழுந்த சிக்கல். மாநில, மாவட்ட, உள்ளூர் நிலைகளில் பயிற்றுநர்கள் அடுக்கடுக்காக உருவாக்கப்பட்டனர். உள்ளூர் நிலையில் மட்டும் அவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். கேரளத்தில் கிராம சபை வார்டு அளவில் கூடுவது. தமிழகத்தைப் போல ஊராட்சி முழுமைக்கும் ஒரே சபை என்றிருந்திருப்பின், துறைவாரிச் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசும் முறை இத்துணை எளிதில் கைகூடியிராது. அக்குழுக்களின் சார்பாளர்கள் வளர்ச்சிக் கருத்தரங்கிலும், அங்கு அமைந்த பணிக்குழுக்கள் திட்ட வரைவிலும் ஈடுபட்டனர்.

முதலாண்டு வரைவுகள் பலவற்றில் மதிப்பீடுகள் பிழைபட்டன. தொழில்நுட்ப விவரங்கள் விடுபட்டன. இவ்விடத்தில்தான் இயக்கத்தின் உண்மையான சோதனை தொடங்கியது எனலாம். பிழைகளைக் காட்டி அதிகாரத்தைத் துறை அலுவலர்களிடம் மீளத் தருவது எளிய வழியாக இருந்திருக்கும். மாறாக, ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் வேளாண், மருத்துவ வல்லுநர்களையும் கொண்ட தன்னார்வத் தொழில்நுட்பப் படை திரட்டப்பட்டது. இவர்கள் வரைவின் தொழில்நுட்பக் குறைகளைத் திருத்தலாம். ஊராட்சி வகுத்த முன்னுரிமையை மாற்ற இயலாது. பாலமா, கிணறா என்பதை முடிவுசெய்யும் உரிமை இவ்வாறு மக்களிடமே விடப்பட்டது.

எனினும், இக்கற்றல் பெரும்பாலும் மேலிருந்து கீழிறங்கியது. ஒரே கையேடு எல்லா ஊர்களுக்கும் பயன்பட்டதால் உள்ளூர்த் தனித்தன்மை மங்கும் அபாயமும் உடன் வந்தது. ஊருக்கு ஊர் பக்கவாட்டில் பரவிய கற்றலுக்குத் தக்க சான்று வேறிடத்தில் கிடைக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கிராம சபைகளில் பெண்களின் பங்கு மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. அதற்கு முன்பே ஆலப்புழை நகராட்சியில் அண்டை வீட்டுப் பெண்களைக் கொண்ட அயற்கூட்டங்கள் தோன்றியிருந்தன. அம்முறை மலப்புரம் மாவட்டத்தில் விரிவு பெற்று, 1998இல் குடும்பஸ்ரீ என்னும் மாநிலத் திட்டமாயிற்று. பொதுச் சபையில் பேசத் தயங்கிய பெண்கள் தம் கோரிக்கைகளை அயற்கூட்டத்தில் முன்கூட்டியே விவாதித்துக் கொண்டுவர இதனால் வழி பிறந்தது. தொடக்கத்தில் எக்கையேடும் வகுக்காத தீர்வு இது என்பது கருதத்தக்கது.

2001இல் ஆட்சி மாறியபின் இயக்கம் ‘கேரள வளர்ச்சித் திட்டம்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. பரப்புரை வேகம் தணிந்தது. வார்டுக் கிராம சபையும் பணிக்குழுவும் அயற்கூட்டமும் நீடித்தன.