இல்லாத தீவின் ஆல்பம்

பசிபிக் கடல் கதைகள் – 17

கான்-டிக்கி தெப்பம் 101 நாட்கள் கடலில் மிதந்து, 1947 ஆகஸ்டில் துவாமோத்து தீவுக்கூட்டத்தின் ரரோயா பவளத்திட்டில் மோதி நின்ற கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். தெப்பப் பயணத்தை நடத்திய தோர் ஹெயர்டால் எழுதிய புத்தகம் அமெரிக்காவில் விற்றுத் தள்ளியது. பயணத்தின் ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. எங்கு பார்த்தாலும் தென்கடல் மோகம்.

ஆனால் மோகம் புதிதல்ல. தெப்பம் கரை தட்டுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கர்கள் தங்கள் ஊரிலேயே ஒரு பாலினேசியாவைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அங்கே போகக் கப்பல் ஏற வேண்டாம். வேலை முடிந்து காரை எடுத்தால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேரலாம். பாய் வேய்ந்த சுவர், மூங்கில் தூண், கூரையில் தொங்கும் மீன்வலை, பேத்தை மீனை உலர்த்தி உள்ளே பல்பு மாட்டிய விளக்கு. வாசலில் துருத்திய கண்களோடு ஒரு மரச்சிலை: டிக்கி. மார்க்கேசஸ் தீவுகளிலும் நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் முன்னோரையும் தெய்வங்களையும் நினைத்துச் செதுக்கிய உருவம் அது. அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த உத்தியோகம், மதுக்கூடத்துக்கு ஆள் அழைப்பது.

இல்லாத ஊருக்குப் போகாத வழி என்பார்கள். இங்கே வழி இருந்தது, போகவும் போனார்கள். ஊர்தான் இல்லை.

அந்த இடங்களில் பெரும்பாலானவை இப்போது இடித்துத் தரைமட்டம். மிச்சம் படங்கள்தான். அவையும் ஆவணக் காப்பகங்கள் எடுத்துவைத்தவை அல்ல. சாப்பிட வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனவை. அந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்த சில பக்கங்களை இந்த வாரம் புரட்டலாம்.

அட்டை உறைக்குள் ஓர் இரவு

அந்தக் கால அமெரிக்க இரவு விடுதிகளில் கேமராவோடு மேசை மேசையாக வரும் பெண்கள் இருந்தார்கள். ஃபிளாஷ் மின்னும். சாப்பாடு முடிவதற்குள் விடுதியின் இருட்டறையில் படத்தைக் கழுவி, பிரிண்ட் போட்டு, அட்டை உறையில் செருகிக் கையில் கொடுத்துவிடுவார்கள். உறையின் மேல் விடுதியின் பெயர் இருக்கும். டிக்கி விடுதி என்றால் கூடவே ஒரு பனைமரமோ சிலை முகமோ.

திருமண நாள், பதவி உயர்வு, போருக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு என்று காரணம் எதுவானாலும் படம் ஏறக்குறைய ஒன்றுதான். கோட்டும் டையுமாக ஆண்கள். முத்துமாலைக்கு மேல் பூமாலையும் அணிந்த பெண்கள். மேசை நடுவே எரிமலை வடிவில் ஒரு பீங்கான் கிண்ணம். உச்சியில் நிஜ நெருப்பு. ஆளுக்கொரு நீள ஸ்ட்ரா. அலுவலகம், தேவாலயம், புறநகர் வீடு, ஒட்ட வெட்டிய புல்வெளி என்று வாழ்ந்த கட்டுப்பெட்டி நடுத்தர வர்க்கம் இது. நான்கு பேர் ஒரே கிண்ணத்தில் தலை கவிழ்த்து உறிஞ்சலாம் என்று அனுமதி கிடைத்த இடத்தில், அவர்கள் முகத்தில் வெட்கமும் குறும்பும் சரிபாதியாக இருக்கின்றன.

இரண்டு கடைக்காரர்கள்

இந்த இரவுகளுக்கு மூலகர்த்தா எர்னஸ்ட் கான்ட். 1907-ல் பிறந்தவர், ஊர்சுற்றி. பசிபிக்கிலும் கரீபியனிலும் அலைந்துவிட்டு ஹாலிவுட்டில் வந்து ஒதுங்கினார். சேர்த்துவைத்திருந்த தென்கடல் சாமான்களைச் சினிமா கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தார். 1933 டிசம்பரில் மதுவிலக்கு முடிந்ததும் அதே சாமான்களை மாட்டி ஒரு சின்ன மதுக்கூடம் போட்டார். மலிவாகக் கிடைத்த சரக்கு ரம். அதில் பழச்சாறும் மசாலாப் பாகும் கலந்து புதுப்புதுப் பானங்கள் செய்தார். ‘ஸாம்பி’ என்ற பானத்துக்கு அவர் வைத்த விதி: ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது.

1937-ல் எதிர்ப்பக்கத்தில் பெரிய இடம் பிடித்தார். கடையின் பெயர் ‘டான் தி பீச்கோம்பர்’. தன் பெயரையும் சட்டப்படி டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். தகரக் கூரைமேல் குழாய் வைத்துத் தண்ணீர் தெளிப்பாராம். மழை பிடித்துக்கொண்டது என்று நினைத்து வாடிக்கையாளர் இன்னொரு கோப்பை சொல்லுவார். லாஸ் ஏஞ்சல்ஸில் மழை எப்போதாவதுதான் வரும் என்ற விஷயம், முதல் கோப்பையிலேயே மறந்துபோயிருக்கும்.

அதே 1937-ல் அந்தக் கடைக்கு வந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு போனவர் விக்டர் பெர்ஜெரான். ஓக்லண்டில் ‘ஹிங்கி டிங்க்ஸ்’ என்ற சிறு உணவகம் நடத்தியவர். சிறு வயதில் எலும்புக் காசநோயில் ஒரு காலை இழந்தவர். சுறா கடித்துவிட்டது என்று வருபவர்களிடம் கதை விடுவார். ஊர் திரும்பியதும் கடையை ‘ட்ரேடர் விக்ஸ்’ ஆக்கினார். 1944-ல் ‘மை டாய்’ பானத்தைத் தான் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதற்கு மூலம் என்னுடையது என்றார் டான். சண்டை அவர்கள் காலத்தில் தீரவில்லை. வியாபாரத்தில் வென்றவர் விக். ஹில்டன் ஹோட்டல்களோடு கைகோத்து 1963-ல் லண்டன்வரை போய்விட்டார்.

இந்தக் கடைகளில் எது பாலினேசியா? ரம் கரீபியனுடையது, பாலினேசியர்களின் சடங்குப் பானம் கவா வேர். சமையல் கான்டன் சீனச் சமையல். சிலைகளில் பல, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே விட்டியர் நகரில் 1956-ல் தொடங்கிய ‘ஓஷியானிக் ஆர்ட்ஸ்’ பட்டறையில் செதுக்கியவை. டிக்கி முகம் கொண்ட பீங்கான் குவளைகளில் பெரும்பகுதி ஜப்பானில் சுட்டவை.

தபால் அட்டையில் பெய்த மழை

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபேர்மான்ட் ஹோட்டலில் 1929-ல் கட்டிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. 1945-ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் செட் கலைஞர் மெல் மெல்வின் அதைக் காயலாக மாற்றினார். குளத்தின் நடுவில் மிதக்கும் படகில் இசைக்குழு, சுற்றிலும் மேசைகள், அவ்வப்போது இடி, மின்னல், கூரையிலிருந்து குளத்தில் விழும் நிஜமான மழை. ‘டோங்கா ரூம்’ என்ற அந்த இடம் இன்றும் நடக்கிறது.

பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான சிப்பாய்கள், ஜேம்ஸ் மிச்னரின் தென்பசிபிக் கதைகள், 1949-ல் அவற்றிலிருந்து பிறந்த இசை நாடகம், கான்-டிக்கி, 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமானது என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் காற்று வீசியது. தவளைச் சத்தமும் பறவைக் குரலும் கலந்த மார்ட்டின் டென்னியின் ‘எக்ஸாட்டிகா’ இசைத்தட்டு 1959-ல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. 1963-ல் டிஸ்னிலேண்டிலேயே பாடும் இயந்திரப் பறவைகளோடு ஒரு டிக்கி அறை திறந்தார்கள்.

ஆல்பத்தில் உள்ள தபால் அட்டைகளில் என் மனம் நிற்பது ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில். கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்கே 1961-ல் ‘கஹிகி’ எழுந்தது. படகைக் கவிழ்த்த மாதிரி வானத்தை நோக்கி வளைந்த பிரம்மாண்டக் கூரை. வாசலில் ஈஸ்டர் தீவுப் பாணியில் இரண்டு ராட்சதச் சிலைகள். அவற்றின் தலையில் நெருப்பு. உள்ளே ஐந்நூறு பேர் உட்காரலாம். ஒரு பக்கம் மீன் தொட்டிகளே சுவர்; இன்னொரு பக்கம் கண்ணாடிக்கு அப்பால் இடியும் மழையுமாக ஒரு செயற்கைக் காடு. வெளியே நிஜப் பனி, உள்ளே பொய் மழை. ஊர்க்காரர்கள் பொய்யைத்தான் விரும்பினார்கள்.

வெயிலுக்கு மாறிய ஹுலா

நிஜ ஹவாயில் எடுத்த படங்கள் மட்டும் நிஜமா? பழைய ஸ்லைடு பெட்டிகளில் அடிக்கடி கிடைக்கும் ஒரு காட்சி: வைகிகியில் பட்டப்பகல் வெயிலில் ஹுலா ஆடும் பெண்கள், கையில் ஹவாய் என்று எழுத்துக் கூட்டும் அட்டைகள். சுற்றுலா ஹுலா பெரும்பாலும் ராத்திரி விருந்துகளில்தான் நடந்தது. அந்தக் காலக் கலர் ஃபிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். ராத்திரி ஆட்டம் அதில் பதியாது. ஹவாயில் கோடக் நிறுவனத்தைப் பார்த்துக்கொண்ட ஃபிரிட்ஸ் ஹெர்மன் 1937-ல் ஒரு யோசனை செய்தார். ஆட்டத்தையே பகலுக்குக் கொண்டுவந்தால்? ‘கோடக் ஹுலா ஷோ’ 2002 வரை நடந்தது. ஃபிலிம் சுருள் விற்பதற்காக ஒரு நடனம் நேரம் மாறியது. உலகம் முழுக்கப் பல வீட்டுச் சுவர்களில் ‘ஹவாய்’ என்று ஒளிர்ந்தது அந்த ஏற்பாட்டின் பிரதிபிம்பம்.

படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை, குடிப்பவர்களுக்குப் பின்னால் நிற்கும் ஆட்கள் தெரியும் படங்கள்தான். வெள்ளைச் சட்டை, மெல்லிய சிரிப்பு, கையில் ஷேக்கர். பார்த்தவர்கள் ‘தீவுக்காரர்’ என்று நினைத்தார்கள். உண்மையில் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள்.

பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் ஆளுகையில் இருந்ததால் வேலை தேடி கலிபோர்னியா வந்தவர்கள் இவர்கள். மதுவிலக்கு முடிந்த அதே 1933-ல்தான் கலிபோர்னியா, பிலிப்பைன்ஸ்காரர்கள் வெள்ளையரை மணக்க முடியாதபடி தன் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. 1948-ல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கும்வரை அந்தத் தடை இருந்தது. காதல் ஜோடிகளுக்குத் தென்கடல் கனவைக் கலக்கிக் கொடுத்தவர்களின் சொந்த வாழ்க்கை, கவுண்டருக்கு இந்தப்பக்கம் இப்படி இருந்தது.

டான் தன் செய்முறைகளைக் கூட்டாளிகளுக்கும் சொல்ல மாட்டார். புட்டிகளில் பெயர் இருக்காது, குறியீடுதான். ‘டான்ஸ் மிக்ஸ்’ இவ்வளவு, ‘மசாலா நம்பர் 4’ இவ்வளவு என்று ஊழியர்கள் அளந்து ஊற்றுவார்கள். உள்ளே என்ன என்று தெரியாது. ஆனால் தொழில் கை வழியாகப் பரவியது. டானிடம் வேலை பார்த்த மரியானோ லிகுடினே, 1956-ல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் தார்ன்டன் சகோதரர்கள் திறந்த ‘மை-கை’யின் மதுக்கூடத்துக்குத் தலைமை ஏற்று அந்தப் பானங்களை வாழவைத்தார். ரே புவென் 1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘டிக்கி-டி’ என்ற குட்டிக் கடையைச் சொந்தமாகத் திறந்தார். அவர் குடும்பம் இன்றும் நடத்துகிறது. டிக் சாந்தியாகோ என்ற பணியாளரின் 1937-ஆம் ஆண்டுப் பாக்கெட் நோட்டு பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர் ஜெஃப் பெர்ரியின் கைக்கு வந்தது. அதிலிருந்துதான் 2007-ல் அசல் ‘ஸாம்பி’யின் ரகசியம் வெளியானது. டான்ஸ் மிக்ஸ் என்பது கிரேப்ஃப்ரூட் சாறும் பட்டைப் பாகும்!

போலி என்று சொல்லி இந்தப் படங்களைத் தூக்கிப்போட முடியாததற்குக் காரணம் இவர்கள்தான். தீவு பொய். அதைக் கட்டிய உழைப்பு பொய் அல்ல. மேசைக்காரர்கள் தங்களைத்தான் படமெடுத்துக்கொண்டார்கள். அந்த உழைப்பு தற்செயலாக ஓரத்தில் பதிந்தது.

எரிந்தவையும் இடிந்தவையும்

நிஜத் தெய்வங்களுக்கு என்ன ஆயிற்று? ஹவாயில் 1819-ல் அரசர் இரண்டாம் கமேஹமேஹா பழைய விலக்கு விதிகளைக் கைவிட்டபோது கோயில் சிலைகளை அழிக்க உத்தரவானது. மற்றத் தீவுகளில் மிஷனரிகள் முன்னிலையில் சிலைகள் நெருப்புக்குப் போயின. தப்பியவற்றுள் சில கப்பலேறின. 1821-ல் ரூருட்டு தீவினர் மிஷனரிகளிடம் ஒப்படைத்த அற்புதமான மரச்சிலை இன்று லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

எரிமலைக் கிண்ணங்களில் நெருப்பு எரிந்த ஆண்டுகளில் நிஜத் தீவுகளில் எரிந்தது வேறு. கான்-டிக்கி கரை சேர்ந்த அதே துவாமோத்து கூட்டத்தில் மொருரோவா, ஃபங்கதாவ்ஃபா என்று இரண்டு பவளத்திட்டுகள் உண்டு. பிரான்ஸ் 1966 முதல் 1996 வரை அங்கே 193 அணு வெடிப்புகள் நடத்தியது. போலித் தீவுகளின் நெருப்பும் நீடிக்கவில்லை. வியட்நாம் போர்ப் படங்கள் தொலைக்காட்சியில் வந்த பிறகு, கூரை வேய்ந்த குடிசையும் பனைமரமும் அமெரிக்கர்களுக்கு உல்லாசமாகத் தெரியவில்லை. அப்பா அம்மாவின் ரம் கிண்ணம் பிள்ளைகளுக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 1997-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற கஹிகியையே 2000-த்தில் இடித்துவிட்டு, அந்த இடத்தில் மருந்துக்கடை கட்டினார்கள்.

அதே 2000-த்தில் ஸ்வென் கிர்ஸ்டனின் ‘தி புக் ஆஃப் டிக்கி’ வந்தது. ஜெர்மனியில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த ஒளிப்பதிவாளர் அவர். பழைய சாமான் கடைகளில் தீப்பெட்டி அட்டை, மெனு, தபால் அட்டை, குவளை என்று பொறுக்கிச் சேர்த்து, மறைந்துபோன ஒரு நாகரிகத்தை அகழ்வதுபோல ஆராய்ந்தார். பரணில் கிடந்த அட்டை உறைகளுக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது. 2014-ல் பாரிஸின் கே பிரான்லி மியூசியம், நிஜப் பசிபிக் கலைச் சேகரிப்புகள் உள்ள இடம், டிக்கி பாணிக்கென ஒரு கண்காட்சியே வைத்தது. 2020-ல் கூரை சரிந்து மூடப்பட்ட மை-கை, 2024 நவம்பரில் மறுபடி திறந்தது.

பசிபிக் மக்கள் சிலர் இதைக் கோபத்தோடுதான் பார்க்கிறார்கள். எங்கள் முன்னோர் முகத்தில் நீங்கள் ஏன் ரம் ஊற்றிக் குடிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ரசிகர்களிடம் நல்ல பதில் இல்லை. சில புதிய மதுக்கூடங்கள் சிலையை எடுத்துவிட்டு மூங்கிலோடு நிறுத்திக்கொள்கின்றன.

பாலினேசியர்கள் தாங்களே தங்கள் கதையைச் சொல்லும் படங்கள் வேறோர் ஆல்பத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் டிக்கி கடைகள் காற்றாடிக்கொண்டிருந்த 1976-ல், மே முதல் தேதி, ஹவாயிலிருந்து ‘ஹோகுலேஆ’ என்ற இரட்டை உடல் பாய்மரக் கலம் டஹிட்டியை நோக்கிப் புறப்பட்டது. அதில் திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. வழி சொன்னவர் சதவால் தீவின் மாவ் பியாய்லுக். தென் அமெரிக்காவிலிருந்து தெப்பத்தில் வந்து பாலினேசியாவில் குடியேறினார்கள் என்ற ஹெயர்டாலின் கொள்கைக்கு அந்தக் கலம் கொடுத்த பதிலை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)