குளிர்ந்த மண்ணும் முளைக்கும் விதையும்: தமிழ்ச் சைவத்தில் உயிர்களுக்கு இறைவன் முதலாகும் முறை

உயிர்களையெல்லாம் கடவுள் படைத்தார் என்பது நாம் நின்று எண்ணிப் பாராமலே சொல்லிவிடும் சொல். பிள்ளை பிறந்த வீட்டிலும் சொல்கிறோம், சாவு வீட்டிலும் சொல்கிறோம். மெய்கண்ட சாத்திரங்கள் 14ஐயும் பொறுமையாகப் படிப்பவர்க்கு இந்தச் சொல் அங்கே பொருந்தவில்லை என்பது விளங்கும். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) ஆகிய மூன்றும் தொடக்கமற்றவை என்பது திருமூலரிடமே காணக் கிடைக்கும் கொள்கை. இறைவன் எவ்வளவு பழையவனோ உயிரும் அவ்வளவு பழையது. அது ஒருநாள் இல்லாதிருந்து மறுநாள் உண்டானதன்று. ஆயினும் இதே சைவர்கள்தாம் இறைவனை எல்லா உயிர்க்கும் முதல் என்கிறார்கள், தாய் என்கிறார்கள், உயிர்க்குயிர் என்று உருகுகிறார்கள். படைக்கப்படாத ஒன்றுக்கு முதல் எப்படி இருக்க முடியும்?

இதை முரண் என்று தள்ளிவிட முடியாது என்பது என் வாதம். ‘முதல்’ என்ற சொல்லைக் காலத்தில் முந்தியது என்று மட்டும் படித்துப் பழகியதால் நமக்கு முரணாகத் தெரிகிறது. அதோடு, உயிர் படைக்கப்படாதது என்று கொண்டதால் இச்சமயத்தில் உயிரின் புனிதம் குறைந்துவிடவில்லை; கூடியிருக்கிறது. இதைச் சித்தாந்தத்தின் காரணக் கோட்பாட்டிலிருந்து தொடங்கி, திருவாரூர்க் கன்றின் கதை வழியாக, வடலூர் வரை தொடர்ந்து பார்க்கலாம்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் 13ஆம் நூற்றாண்டு நூல். 12 நூற்பாக்களே உடையது. முதல் நூற்பா உலகத்தைக் கொண்டு இறைவனை நிறுவுகிறது. ஆணாகவும் பெண்ணாகவும் அஃறிணையாகவும் சுட்டி அறியப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அதனைத் தொழிற்படுத்தும் ஒருவன் உண்டு என்பது அனுமானம். குடம் வனைதலைச் சைவர் எடுத்துக்காட்டுவது வழக்கம். மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். இங்கே குடமாக வனையப்படுவது எது என்று பார்க்க வேண்டும். தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும்தான். உடம்பு, அகக்கருவிகள், வாழும் உலகம், நுகர்பொருள் ஆகிய இவை படைக்கப்படுகின்றன. இவற்றைப் பெற்றுக்கொள்ளும் உயிர் படைப்புக்கு முன்பே உள்ளது, ஆணவ இருளில் மூழ்கி, தான் இருப்பதையும் அறியாமல்.

குயவன் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. குடத்தை வனைந்த குயவன் எழுந்து போய்விடலாம், குடம் இருக்கும். மெய்கண்டாருக்கு இது தெரியும். அதனால்தான் அதே முதல் நூற்பாவை விளக்கும் வெண்பாக்களில் வேறோர் உவமையை வைக்கிறார். விதைக்குள் முளை இருக்கிறது. ஆனால் மண் குளிர்ந்தால்தான் அது வெளிவரும். இறைவன் அந்தக் குளிர்ந்த மண்போல் நின்று, அவரவர் வினைக்கேற்ற வடிவத்தைக் கொடுக்கிறான். நெல்லுக்கு நெல்முளையும் எள்ளுக்கு எள்முளையும் வருவது விதையின் தன்மை. விதையை மண் செய்யவில்லை. ஆனால் மண்ணில்லாமல் விதைக்கு வாழ்வில்லை. முளைத்தபின் விலகிச் செல்வதும் மண்ணின் இயல்பன்று. வேர் கடைசிவரை அதற்குள்ளேதான் இருக்கிறது. இந்த ஓருவமை சித்தாந்தத்தின் முழு நிலைப்பாட்டையும் தாங்குகிறது என்று கருதுகிறேன். இறைவன் உயிர்களின் ஊற்று என்பதைத் தமிழ்ச் சைவன் சொல்லும்போது அவன் மனத்தில் இருக்க வேண்டியது இந்தக் குளிர்ந்த மண்தான்.

‘முதல்’ என்பதற்கு இப்பொருள் சைவர் புதிதாக ஏற்றியதும் அன்று. திருக்குறளின் முதற்குறள் எழுத்துகளுக்கு அகரத்தையும் உலகுக்கு ஆதிபகவனையும் முதலாக இணைத்து வைக்கிறது. பரிமேலழகர் அங்கே நிதானித்து உரை எழுதுகிறார்: அகரத்தின் தலைமை, அது விகாரமின்றி நாதமாத்திரையாய் இயல்பாகப் பிறப்பதனால் வந்தது. வாயைத் திறந்தாலே எழும் ஒலி அது. மற்ற ஒலிகளுக்குள்ளும் அந்தத் திறப்பு இருக்கிறது. அகரத்திலிருந்து ககரம் பிறந்தது என்று எந்தத் தமிழ் இலக்கணமும் கூறவில்லை. அகரம் இயக்காமல் ககரத்தை ஒலிக்க முடியாது என்றே நாம் கற்கிறோம். உமாபதி சிவம் திருவருட்பயனைத் தொடங்குவதும் இதே அகரத்தை வைத்துத்தான், இறைவன் எங்கும் நிறைந்து அறிவாய் நிற்றலைக் காட்டுவதற்காக. ஒலியை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்த மொழியில் இச்சிந்தனை பிறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

உடனிருத்தலைச் சித்தாந்தம் ஒன்றாய், வேறாய், உடனாய் என மூன்று நிலையில் விளக்கும். உடம்பும் உயிரும்போல ஒன்றாய், கண்ணும் கதிரவனும்போல வேறாய், உயிரறிவும் கண்ணொளியும்போல உடனாய். மூன்றாவதுதான் நுட்பமானது. கண் பார்க்கிறது என்கிறோம். ஆனால் உள்ளிருந்து உயிரறிவு கூடாவிட்டால் திறந்த கண்ணும் எதையும் காணாது. அவ்வாறே உயிர் அறிகிறது என்னும் ஒவ்வொரு தருணத்திலும் இறைவன் உடன் அறிந்துகொண்டிருக்கிறான். ஊற்று என்பது என்றோ நடந்து முடிந்த நிகழ்ச்சியாக இல்லாமல், இந்தக் கணத்திலும் நடப்பதாகிறது.

இதற்கு வலுவான தடை ஒன்று உண்டு. படைக்கப்படாத பொருள்கள் இறைவனோடு என்றும் இருப்பதாகக் கொண்டால் அவன் எல்லாம் வல்லவன் ஆவது எப்படி? வெறுமையிலிருந்து உலகைப் படைத்த கடவுளை வணங்கும் சமயத்தார்க்கு இது இயல்பாக எழும் வினா. இராமாநுச தரிசனம் இதற்கு வேறு வழி கண்டது. அங்கும் உயிர்கள் அநாதியே. ஆனால் உயிரும் உலகும் இறைவனுக்கு உடலாக அமைவதால், நிமித்த காரணமும் முதற்காரணமும் அவனே. சைவம் அந்த வழியில் செல்லாததற்குக் காரணம் ஆணவம் என்னும் மலம். உயிர் இறைவனுக்குள்ளிருந்து வந்ததானால் அதைப் பற்றியிருக்கும் இருளும் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கும். ஆணவத்தை இறைவன் தலையில் ஏற்றச் சைவர் மனம் ஒப்பவில்லை.

தடையை விடையால் மூடுவதைவிட, இக்கொள்கையால் வந்த பயனைக் காட்டுவது மேல். செய்தவனுக்குச் செய்பொருள்மேல் உரிமை உண்டு. குயவன் தன் குடத்தை உடைத்தால் கேட்பாரில்லை. உயிர் இறைவனின் செய்பொருள் அன்று என்றால் இறைவன் அதற்குச் செய்வதெல்லாம் உரிமையிலிருந்து வராமல் அருளிலிருந்து வருகிறது. ஐந்தொழிலின் நோக்கத்தைச் சாத்திரங்கள் சொல்லும் முறை இதுவே. ஒடுங்கிய உலகை இறைவன் மீண்டும் தோற்றுவிப்பது தனக்காக அன்று; இருளில் கிடக்கும் உயிர்க்கு மலம் பக்குவப்பட வேண்டும், அதற்கு உடம்பு என்னும் கருவி வேண்டும். ஆகவே உடம்பு ஒவ்வொன்றும் ஓர் அருட்கொடை. புழுவின் உடம்பும் அப்படித்தான். கருப்பையிலும் முட்டையிலும் வேர்வையிலும் வித்திலும் பிறக்கும் நால்வகைப் பிறப்பில் அருளின்றி வந்த உடம்பு ஒன்றும் இல்லை. கொலை பாவமாவதற்கு இதைவிட ஆழமான காரணம் எனக்குத் தெரியவில்லை. கொல்பவன் உயிரை அழிப்பதில்லை, அது அவனால் இயலாது. இன்னோர் உயிர்க்கு இறைவன் கொடுத்த கருவியை அவன் பறிக்கிறான்.

பசு என்ற சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். சித்தாந்தத்தில் அது உயிர். வீட்டுக் கொட்டிலில் அது மாடு. கட்டுண்டது என்பது இரண்டுக்கும் பொது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடியபோது, அடியார் வரலாறுகளுக்கு முன்னே, திருவாரூர்ச் சிறப்பில், மனுநீதிச் சோழன் கதையை வைத்தார். இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி இறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை மணியைக் கொம்பால் அசைக்கிறது. அமைச்சர்கள் அந்தணர் விதித்த கழுவாயைச் செய்யலாம் என்கிறார்கள். அரசன் கேட்கும் கேள்வி ஒன்றே: கன்றை இழந்து அலறும் இந்தத் தாயின் நோய்க்கு அது மருந்தாகுமா? பின் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் கிடத்துகிறான்.

இக்கதை நீதிக்கதையாகவே பள்ளிகளில் சொல்லப்படுகிறது. அரசநீதி மட்டும் போதுமானால் கழுவாயும் நீதிதான். நூல்வழி வந்த நீதி. அரசன் அதை மறுப்பதற்கு அடிப்படை, கன்றின் உயிரும் மகனின் உயிரும் ஒரே நிறை என்ற துணிபு. சித்தாந்தச் சொல்லில் சொன்னால் இருவரும் பசுக்கள். வேறுபாடு மாயை தந்த உடம்பில் இருக்கிறது, உடம்பைப் பெற்ற உயிரில் இல்லை. சேக்கிழார் மெய்கண்டாருக்கு முற்பட்டவர். ஆகவே சாத்திரத்தைக் கதையாக்கினார் என்று கூற முடியாது. கதையில் முன்பே இருந்த உணர்வுக்குச் சாத்திரம் பின்னர் இலக்கணம் செய்தது என்று கொள்வதே பொருந்தும்.

இதே மனுநீதிச் சோழனை 1854இல் உரைநடையில் எழுதினார் வள்ளலார் எனப்படும் சிதம்பரம் இராமலிங்கம் பிள்ளை. அந்நூல் மனுமுறை கண்ட வாசகம். 13 ஆண்டுகள் கழித்து, 1867 மே 23 அன்று, அவரே வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. தாய்ப்பசுவின் நோய்க்கு மருந்து கேட்ட அரசனிடமிருந்து பசிப்பிணிக்கு மருந்து தேடிய துறவிக்குச் செல்லும் பாதை எனக்கு நேரானதாகவே தோன்றுகிறது.

அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் சித்தாந்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லும் நூலன்று. உயிர்கள் இயற்கை உண்மையின் ஏகதேசங்கள் என்கிறார். ஒரே இறைவனால் ஒரே தன்மையாகச் சிருஷ்டிக்கப்பட்டமையால் அவை ஓருரிமையுள்ள உடன்பிறப்புகள் என்கிறார். சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய உரையாகிய மாபாடியத்தில் ஊறியவர் இங்கே நெற்றியைச் சுருக்குவார். ஆறுமுக நாவலர் வள்ளலாரின் பாடல்களை அருட்பா எனல் தகாது என்று எதிர்த்ததை வெறும் பூசலாக ஒதுக்க எனக்கு மனமில்லை. நாவலர் காத்தது ஓர் எல்லை, அது எங்கே மீறப்படுகிறது என்பதை அவர் சரியாகவே உணர்ந்தார். 1873இல் மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் செய்த பேருபதேசம், சமயங்களில் இலட்சியம் வைக்க வேண்டா என்று சைவத்தையும் சேர்த்தே விலக்கியது. அவரைச் சைவ மரபில் வைத்துப் படிப்பதை அவரே ஏற்றிருக்கமாட்டார் என்பதை நான் மறைக்கவில்லை.

இருந்தும் அவர் நூல் எதிர்கொண்ட வினா சைவத்தின் வயிற்றிலேயே பிறந்தது. வினைக்கேற்ற உடம்பும் போகமும் வருகின்றன என்றால், பசித்தவன் தன் வினையை நுகர்கிறான். அதில் குறுக்கிடுவது இறை நியதிக்கு மாறாகாதா? சித்தாந்தம் படித்தவர்கள் சிலர் இந்த வினாவின் நிழலில் சுகமாக இருந்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம். வள்ளலார் சிறைச்சாலையைக் காட்டுகிறார். பெருங்குற்றம் செய்தவனை விலங்கிட்டுச் சிறையில் வைத்த அரசனும் தன் சேவகர் மூலம் அவனுக்குச் சோறிடுகிறான். தண்டனை தண்டனையாக இருக்கட்டும். பட்டினி அதில் சேராது. சோறிடுகிறவன் அரசாணையை மீறவில்லை, அரசன் விருப்பத்தைச் செய்கிறான். இதற்கு மேலும் செல்கிறார்: பசி என்பது இறைவன் தந்த உபகாரக் கருவி, அது இல்லையானால் ஓருயிர் மற்றோருயிரின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இராது. உயிர்களை ஒன்றோடொன்று கட்டும் கயிறாகப் பசியை இப்படிக் கண்டவர் தமிழில் அரியர். குளிர்ந்த மண் உவமைக்கு இங்கே புதிய கை முளைக்கிறது. மண்ணின் குளிர்ச்சி இன்னொருவர் ஊற்றும் கஞ்சி வழியாகவும் வேருக்குச் சேரலாம். கோயில் உருவத்துக்குப் படைப்பது நடமாடும் கோயிலாகிய அடியார்க்குச் சேராது, அவர்க்கு ஈவது இறைவனுக்குச் சேரும் என்ற திருமூலர் கருத்தின் தொடர்ச்சியாகவும் இதைக் கொள்ளலாம். அடியார் என்ற எல்லை மட்டும் வடலூரில் உடைந்துவிட்டது. நாடு, சாதி, சமயம் எதையும் கேட்காமல் பசித்தவர் எவர்க்கும் சோறு.

கடினமான இடம் ஒன்று மீதமிருக்கிறது. பயிரும் உயிராயிற்றே, தொல்காப்பிய மரபியலே புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்துவிட்டது. அப்படியானால் சோறும் கொலையில் வந்ததுதானே? இவ்வினாவை வள்ளலார் தட்டிக்கழிக்கவில்லை. தாவரத்தில் உயிர் சிறிதே விளங்குகிறது என்றும், வித்தும் காயும் கனியும் இலையும் நம் நகமும் மயிரும் போல்வன, அவற்றைக் கொள்வதால் துன்பமும் அச்சமும் உண்டாவதில்லை என்றும் விடை சொல்கிறார். இவ்விடை கீரையை வேரோடு பிடுங்கும்போது முழுதும் நிற்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. எனினும் அவர் அளவுகோலை எங்கே வைத்தார் என்பது முக்கியம். எந்த உயிர் மனிதனுக்குப் பயன்படும், எது உயர்ந்தது என்று அவர் அளக்கவில்லை. துன்பம் எங்கே எவ்வளவு உணரப்படுகிறது என்று அளந்தார். உயிர்க்குள் உடன் நின்று அறிகிறவன் இறைவன் என்று கொண்ட மரபிலிருந்துதான் இத்தகைய அளவுகோல் வர முடியும். வெட்டுப்படும் ஆட்டின் வலியை ஆடு மட்டும் அறிவதில்லை.