வானளாவும் மாளிகைகளின் பசி

சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலம் என் ஊர். மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவரும் புல் வேய்ந்த கூரையும் உடைய வீட்டில் வளர்ந்தவன் நான். கோடையிலும் அங்கு விசிறி தேவைப்பட்டதில்லை. அத்தகையவன் உயர்ந்த மாளிகைகளின் மின்செலவைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் என்று மாணவர்கள் வினவலாம். காரணம் ஒரு கம்பளிச் சட்டை. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

நான் சிறுவனாக இருந்தபோது தந்தையார் என்னைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். 1959 ஆகஸ்டு 23-இல் திறக்கப்பெற்ற ஆயுள் காப்பீட்டுக் கழக மாளிகை, அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட சாலையில் 177 அடி உயரத்தில் தனித்து நின்றது. இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்னும் பெருமை சிறிது காலம் அதற்கு இருந்தது. நான் சன்னல்களை எண்ணித் தோற்றேன். தந்தையாரோ, “இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி ஏறும்?” என்று கேட்டார். மலையில் நீர் சுமந்தவருடைய கேள்வி அது. அதைவிடச் சரியான கேள்வியை நான் பிற்காலத்தில் எந்த நூலிலும் கண்டதில்லை.

நீரை ஏற்றவும் மனிதரை ஏற்றவும் ஆற்றல் வேண்டும். ஆயினும் நம் நாட்டு வெயிலில் அதனினும் பெரிய செலவு, உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியேற்றும் செலவே.

உயர்ந்த கட்டடங்கள் தொடக்கத்தில் இப்படிப் பசித்திருக்கவில்லை. 1857-இல் நியூயார்க்கில் ஒரு கடையில் ஓட்டிஸ் அமைத்த மின்சாரமற்ற தூக்கி, நீராவியால் இயங்கிற்று. 1885-இல் சிகாகோவில் இரும்புச் சட்டகம் தாங்கிய பத்து மாடிக் கட்டடம் எழுந்தது. அக்காலத்துச் சிற்பிகளுக்குப் பகலொளியும் காற்றும் இன்றியமையாதவை; ஆகவே அறைகளை ஆழமாக அமைக்காமல், திறக்கும் சன்னல்களுக்கு அருகிலேயே மனிதரை அமர்த்தினர். 1902-இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்குவதைத் தடுக்கக் கேரியர் என்னும் பொறியாளர் காற்றைப் பதப்படுத்தும் முறையை வகுத்தார். காகிதத்துக்காகப் பிறந்த கருவி மனிதரிடம் வந்தது. 1928-இல் டெக்சாஸில் 21 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று முழுவதும் குளிரூட்டப்பெற்றது. அதன்பின் சன்னல் திறக்க வேண்டும் என்னும் கட்டாயம் போயிற்று. 1952-இல் நியூயார்க்கில் எழுந்த லீவர் மாளிகை, திறவாத கண்ணாடிப் பெட்டியாகவே நின்றது.

இதன் விளைவை எண்ணில் கண்டது அண்மைக் காலத்தில்தான். பெரிய கட்டடங்கள் தம் ஆற்றல் செலவை அறிவிக்க வேண்டும் என்று நியூயார்க் நகரம் 2009-இல் சட்டம் இயற்றிற்று. 2012-இல் மதிப்பெண்கள் வெளிவந்தன. நூற்றுக்கு, 1930-இல் கட்டிய கிரைஸ்லர் மாளிகை 84 பெற்றது. 1931-இன் எம்பயர் ஸ்டேட் 80 பெற்றது. 1958-இல் கட்டிப் புகழ்பெற்ற சீகிராம் மாளிகை பெற்றது மூன்றே மூன்று! பாட்டி தேறினாள், பேத்தி தவறினாள். ஆனால் தீர்ப்பில் அவசரம் கூடாது. உள்ளே எத்தனை பேர், எத்தனை கணிப்பொறிகள், எத்தனை மணி நேரம் என்பவற்றையும் பொறுத்தது செலவு. எம்பயர் ஸ்டேட்டின் 80-உம் பிறவிக்குணம் மட்டுமன்று. 2010-ஐ ஒட்டி அதன் 6,514 சன்னல்களையும் கழற்றி, அதே கட்டடத்துக்குள் செப்பனிட்டுத் திரும்பப் பொருத்தினர்.

எங்கள் மலைக்கும் இக்கதையில் பங்குண்டு. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டு மண், 1965 முதல் மேட்டூர் ஆலையில் அலுமினியமாயிற்று. ஒரு கிலோ அலுமினியம் உருக்கிப் பெறச் சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். கண்ணாடி மாளிகைகளின் சன்னற் சட்டங்கள் பெரும்பாலும் அலுமினியமே. முதல் விளக்கு எரியுமுன்பே மாளிகை உண்ணத் தொடங்கிவிடுகிறது. இதை நம் கணக்குகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இந்தியாவில் 2001-இல் ஆற்றல் சேமிப்புச் சட்டமும் 2007-இல் கட்டட விதித்தொகுப்பும் வந்தன. அலுவலகக் கட்டடங்களை அளக்கும் முறை எளிது: ஆண்டு மின்செலவைத் தளப்பரப்பால் வகுத்தல். ஆயிரம் சதுர மீட்டர் அலுவலகம் ஆண்டில் 1,50,000 யூனிட் செலவிட்டால் அதன் எண் 150. ஆண்டுதோறும் இவ்வெண்ணைக் குறித்து வந்தால் கட்டடம் முதுமையில் தளர்கிறதா, திருந்துகிறதா என்பது விளங்கும். சென்னை வெயிலில் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் தாழ்ந்த கதிரை நேரே வாங்குகின்றன. அங்கே கண்ணாடியை நிரப்பிய கட்டடத்தின் எண் என்னவாகும் என்பதைக் கல்லூரி மாணவர்கள் ஊகித்துப் பார்க்கலாம்.

இனிக் கம்பளிச் சட்டை. என் பேத்தி சென்னையில் அத்தகைய கண்ணாடி மாளிகை ஒன்றில் பணிபுரிகிறாள். சென்ற மே மாதம், “தாத்தா, மார்கழியில் போட்டுக்கொள்ளும் சட்டையை அனுப்புங்கள்; அலுவலகத்தில் குளிர் தாங்கவில்லை” என்று எழுதினாள். சட்டையை அனுப்பினேன். கூடவே, அலுவலகத்தின் ஆண்டு மின்செலவையும் தளப்பரப்பையும் விசாரித்து எழுதும்படி ஒரு கடிதமும் வைத்தேன். சட்டை கிடைத்துவிட்டதாம். எண் இன்னும் வரவில்லை.