பெரட்டுக் களம் முதல் கைப்பேசி வரை: பல்லேகலச் சூழலில் தொழில்நுட்பமும் சமூக மாற்றமும் நிறுவனங்களைத் திருப்பிய வரலாறு

முன்னுரை

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் தென்னெகும்புரைப் பாலத்தைக் கடந்து கிழக்கே சென்றால், குண்டசாலையை அடுத்து வருகிறது பல்லேகல. சிங்களத்தில் 'கீழ்க்காடு' என்று பொருள்படும் பெயர் அது. இப்போது அங்கே காடு இல்லை. 2009இல் திறக்கப்பட்ட சர்வதேச கிரிக்கெட் மைதானம், முதலீட்டுச் சபையின் கைத்தொழிற் பூங்கா, மாகாண சபை அலுவலகங்கள், போகம்பறையிலிருந்து இடம் மாறிய சிறைச்சாலை, தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் உயர்கல்வி வளாகம் ஆகியன இருக்கின்றன. மலைகளுக்கு நடுவே நெருங்கிப்போன கண்டி நகரம் தன் விரிவுக்குத் தேடிக்கொண்ட நிலம் இது.

எந்த நிறுவனத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தைப் புரட்டினாலும் 'வளர்ந்துவரும் தொழில்நுட்பங்களும் சமூகப் போக்குகளும்' என்றொரு அத்தியாயம் இருக்கும். செயற்கை நுண்ணறிவு, இளைஞர் இடப்பெயர்வு, காலநிலை என்று அதில் வரிசையாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். இந்தப் பட்டியலிடும் வழக்கம் புதிது. வருவதை முன்கூட்டி அறியவேண்டிய தேவை பழையது. பல்லேகல அமைந்திருக்கும் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த கண்டி மலைகளிலும் ஏறத்தாழ 190 ஆண்டுகளாகப் புதுத் தொழில்நுட்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திறங்கியிருக்கின்றன. அவற்றை நிறுவனங்கள் எப்படி எதிர்கொண்டன என்பதை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. நிறுவனங்கள் தாம் எண்ணப் பழகியவற்றையே எண்ணிக்கொண்டிருந்தன. திருப்பமோ ஒவ்வொரு முறையும் பேரேட்டில் பத்தி ஒதுக்கப்படாத இடத்திலிருந்து வந்தது என்பதே இதன் வாதம்.

1. ஜமெய்க்காவிலிருந்து வந்த முறை

இலங்கையின் கோப்பிப் பெருக்கத்துக்கான வித்து மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. ஜமெய்க்காவின் கோப்பி விளைச்சல் சரியத் தொடங்கியது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கான இறக்குமதித் தீர்வையை மேற்கிந்தியக் கோப்பியின் தீர்வைக்குச் சமமாகப் பிரித்தானியா குறைத்தது. உலகின் ஒரு மூலையில் நிகழ்ந்த சமூக மாற்றமும் இன்னொரு மூலையில் எடுக்கப்பட்ட வரி முடிவும் சேர்ந்து கண்டி மலைகளின் காட்டை அழித்தன.

ஜமெய்க்காவில் பயிற்சி பெற்ற ரொபர்ட் பொய்ட் டைட்லர் 1837இல் இலங்கைக்கு வந்தார். நாற்று மேடை, வரிசை நடவு, கவாத்து, பழத்தின் தோலகற்றிக் கழுவி உலர்த்தல் என்னும் மேற்கிந்திய முறையை இங்கே நிலைநிறுத்தியவர் அவர். பிற்காலத்தில் அவர் பெயரோடு பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொண்ட தோட்டம் பல்லேகல. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவை ஆக்கியது. நிலம் மலிவாகக் கிடைத்தது.

1854 பெப்ரவரியில் கண்டியில் இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் உருவானது. தும்பறைத் தோட்டங்கள் உட்பட மலைநாட்டுத் தோட்டங்களின் நலனைப் பேச எழுந்த இச்சங்கம் தன் காலத்துத் தொழில்நுட்பத்தைத் துல்லியமாகவே படித்திருந்தது. மாட்டு வண்டியில் கொழும்புக்குக் கோப்பி கொண்டுபோவதே பெருஞ்செலவு என்று கண்டு, புகையிரதப் பாதைக்கு விடாமல் குரல் கொடுத்தது. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது.

அதே ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்தனர். கோப்பி பழுக்கும் பருவத்துக்கு வருவார்கள், ஆய்ந்து முடித்ததும் திரும்புவார்கள். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. ஒரு மூட்டைக் கோப்பியைத் துறைமுகம் சேர்க்க என்ன செலவாகும் என்பது சங்கத்துக்குத் தெரியும். ஓர் ஆளைத் தோட்டம் சேர்க்க எத்தனை உயிர் போகிறது என்று கணக்கெழுத அதன் பேரேட்டில் பத்தி இருக்கவில்லை.

2. மொத்தக் கணக்கு மறைத்த உண்மை

1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வைட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சை அறிஞர் பெர்க்லி அதற்கு ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். எச்சரிக்கை அதே ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஆயினும் கோப்பிப் பரப்பு சுருங்கவில்லை. 1878இல் ஏறத்தாழ 275,000 ஏக்கரை எட்டியது.

இதற்குக் காரணம் கணக்கெழுதிய முறை. நோய் கண்டபின் ஏக்கருக்குச் சுமார் நாலரை அந்தராக இருந்த விளைச்சல் இரண்டு அந்தரை நோக்கி இறங்கியது. ஆனால் 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. விளைச்சல் குறையக் குறையத் தோட்டங்கள் புதிய காட்டை வெட்டிப் பரப்பைக் கூட்டின. ஏற்றுமதியின் மொத்தத் தொகையைப் பார்த்தவர்களுக்கு வளம் குன்றாததுபோல் தெரிந்தது. ஏக்கருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்திருந்தால் வீழ்ச்சி தெரிந்திருக்கும்.

1880இல் இளம் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் வரவழைக்கப்பட்டார். காற்றில் மிதந்து வரும் வித்திகள் ஈர இலையில் முளைப்பதை அவர் கண்ணாடித் தகடுகளை வைத்துப் பிடித்துக் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பாதை அமைத்தது என்பது அவர் ஆய்வு தந்த முடிவு. துரைமார் எதிர்பார்த்ததோ தெளித்தால் தீரும் மருந்து. தம் நடவு முறையே நோய்க்கு வாகனம் என்ற பதில் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை.

கோப்பித் தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதம் அளிக்க வேண்டியதாயிற்று. கோப்பி இலையில் விழுந்த பொடி பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் நாணயம்வரை எட்டிவிட்டது.

பல்லேகலயில் கதை சற்று வேறாகப் போனது. 1870களிலேயே டைட்லர் அங்கே கொக்கோ நட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 450 மீற்றர் உயரம், வெப்பமான பள்ளத்தாக்கு, மர நிழல் எல்லாம் கொக்கோவுக்கு இசைந்தன. தும்பறை இலங்கைக் கொக்கோவின் தொட்டிலாயிற்று. கொக்கோவும் பின்னர் நோய்க்குத் தப்பவில்லை. ஆனால் பழைய பயிர் இலாபம் தரும்போதே புதியதை ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பவருக்கு இருண்ட ஆண்டில் கையில் ஏதாவது மிஞ்சும் என்பதற்குப் பல்லேகல சான்று.

3. தேயிலை: இயந்திரம் மாற்றிய நிர்வாகம்

கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பக்கமுள்ள லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கையால் உருட்டி, கரியடுப்பில் வாட்டிய தேயிலை அது. பின்னர் உருட்டும் இயந்திரங்களும், டேவிட்சனின் 'சிரொக்கோ' உலர்த்தியும் வந்தன. ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் அத்தகைய இயந்திரங்களை இன்றும் அருகே நின்று பார்க்கலாம். வரிகள் புடைத்த வட்ட மேசையின்மேல் கொழுந்து நிரப்பிய உருளை சுற்றிச் சுற்றி அரைக்கும். உள்ளங்கைகள் செய்த வேலையை இரும்பும் பித்தளையும் அப்படியே திருப்பிச் செய்கின்றன.

இந்த இயந்திரம் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. முதலாவது, முதலீடு. கோப்பியைத் தனியாள் ஒருவர் கடன் வாங்கிச் செய்யலாம். தேயிலைக்குத் தொழிற்சாலை, நீராவி, பொறியாளர் வேண்டும். தனித் துரைமாரின் இடத்தை இலண்டனில் பங்கு திரட்டிய கம்பனிகளும் கொழும்பு முகவர் இல்லங்களும் பிடித்தன. 1883 ஜூலையில் கொழும்புத் தேயிலை ஏலம் தொடங்கியது.

இரண்டாவது, ஆட்கள். பருவத்துக்கு வந்துபோகும் தொழிலாளர் தேயிலைக்குப் போதாது. கொழுந்து ஆண்டு முழுதும் துளிர்க்கும், பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போகவேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்து லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் குடியேறின. பெண்களின் விரல்கள் தேயிலையின் அடிப்படை ஆயின. உருட்டும் மேசையும் உலர்த்தியும் நேரடியாக உண்டாக்கிய சமூக விளைவு இது: வந்துபோகும் கூட்டம் ஊன்றி நிற்கும் சமூகமாயிற்று.

நிர்வாகம் அவர்களை எப்படி எண்ணியது? விடியுமுன் தப்படித்து எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு, வரவைப்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் 'பேர்' போடுவார். குறித்த எடை கொழுந்து வந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். கங்காணிக் கட்டின் (கங்காணி ஒருவரின் கீழுள்ள ஆட்கூட்டத்தின்) கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவரிடம் ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை ஒரு கூட்டத்தின் நடமாட்டம் அந்தத் துண்டில் அடங்கியிருந்தது. பேர், துண்டு, இறாத்தல் ஆகிய மூன்று கணக்குகளும் செம்மையாக இருந்தன. லயத்துக் குழந்தை என்ன படிக்கிறது, என்ன ஆக விரும்புகிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

அரசியலும் அக்கணக்கை அப்படியே வைத்திருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தோட்டங்கள் 1970களில் அரசிடமும் 1992இல் மீண்டும் தனியார் முகாமையிடமும் கை மாறின. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின், படித்த தலைமுறை கொழுந்துக் கூடையை வைத்துவிட்டுக் கண்டிக் கடைகளுக்கும் கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. இன்று தோட்டக் கம்பனிகள் இலத்திரனியல் தராசையும் கொழுந்து வெட்டும் கத்தரியையும் கொண்டுவந்து ஆட்பற்றாக்குறையைச் சமாளிக்கப் பார்க்கின்றன. தொழிலாளியிடமே தேயிலைத் துண்டுநிலத்தை ஒப்படைத்துக் கொழுந்தை வாங்கும் முறையையும் சில முயல்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னரே எடுத்திருக்க வேண்டிய முடிவுகள் இவை.

4. அணையும் பூங்காவும்

மகாவலித் திட்டம் தும்பறையின் முகத்தை மாற்றியது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி நதி திருப்பப்பட்டது. பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணையின் தொடக்க விழாவுக்கு 1985 ஏப்ரலில் மார்கிரட் தட்சரே வந்தார். 122 மீற்றர் உயரம், 210 மெகாவாட் மின்திறன். பழைய தெல்தெனிய நகரமும் வயல்களும் தோட்டங்களும் நீருக்குள் போயின. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய நகரின் கட்டட எச்சங்கள் இன்றும் தலைகாட்டும்.

பல்லேகல தொழிற்சாலை நிலமாகவும் நிர்வாக நிலமாகவும் மாறியது இதற்குப் பின்னர்தான். வேளாண் நிலத்தின் மேல் தையல் இயந்திரம் வந்தது, பின்னர் கணினி வகுப்பறை வந்தது. அணையைத் திட்டமிட்டவர்கள் மெகாவாட்டை எண்ணினார்கள். வேர் பிடுங்கப்பட்ட குடும்பங்களும் புதிய கடைத்தெருக்களும் தொழிலுக்கு வந்த இளைஞர்களும் நெருங்கிக் கலந்த ஒரு புதிய சமூகம் அருகிலுள்ள திகனை நகருக்கும் பல்லேகலவுக்கும் இடையே உருவானதைக் கணக்கில் எடுத்தவர் சிலரே.

5. 2018 மார்ச்

அடுத்த தொழில்நுட்பம் சட்டைப் பைக்குள் வந்தது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் 2018 மார்ச் தொடக்கத்தில் இறந்தபின், திகனையிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூலையும் வட்சப்பையும் வைபரையும் அரசு முடக்கியது. வெறுப்பைத் தூண்டும் சிங்களப் பதிவுகள் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை விதிகளை மீறவில்லை என்ற பதில் போனதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் சுயாதீன மனித உரிமை மதிப்பீட்டை வெளியிட்டு, தன் தளத்தின் தவறான பயன்பாட்டால் நேர்ந்த பாதிப்புகளுக்கு மன்னிப்புக் கேட்டது. மொழியறிந்த மதிப்பீட்டாளர்களைச் சேர்த்ததாகவும் சொன்னது.

உலகின் மிகத் திறமையான தரவு நிறுவனங்களுள் ஒன்று அது. யார், எங்கே, எத்தனை நிமிடம் பார்த்தார் என்பதைத் தவறாமல் எண்ணத் தெரிந்த நிறுவனத்திடம், அவர் பார்ப்பது என்ன மொழி, அந்த மொழியில் அச்சொல் எவரை எரிக்கும் என்று படித்துச் சொல்லப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. மார்ஷல் வார்ட் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. தடுப்பு மரம் ஒன்றும் இல்லாத வெளியில் வித்தி எங்கும் போகும்.

முடிவுரை

தும்பறையின் அனுபவம் புதுமையை வெறுக்கச் சொல்லவில்லை. டைட்லரின் கொக்கோவும் டெய்லரின் 19 ஏக்கரும் இல்லாவிட்டால் கோப்பியோடு மலைநாட்டுப் பொருளாதாரம் முடிந்திருக்கும். அந்த அனுபவம் மூன்று பாடங்களைத் தருகிறது. மொத்தத்தைப் பார்க்கும் நிறுவனம் வகுத்தும் பார்க்க வேண்டும். தீங்கின் பாதையைத் தன் நடைமுறையே அமைத்துக் கொடுக்கிறதா என்று முதலில் தன்னையே கேட்கவேண்டும். தன் இயந்திரத்தைச் சுற்றிக் குடியேறும் மனிதர் என்ன ஆக விரும்புகிறார்கள் என்பதற்குப் பேரேட்டில் ஒரு பத்தி ஒதுக்கவேண்டும்.

2023இல், தோட்டத் தொழிலாளரின் மூதாதையர் வந்து இருநூறு ஆண்டு ஆனதைக் குறித்த 'மலையகம் 200' நினைவாக, மூதாதையர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். எந்த நிறுவனப் பேரேட்டிலும் எழுதப்படாதவர்களின் கணக்கைத் தம் கால்களால் எழுதிய நடை அது. பல்லேகலக் கைத்தொழிற் பூங்காவிலோ தோட்டக் கம்பனியிலோ அடுத்த திட்டம் தீட்ட அமர்பவர்கள், தொழில்நுட்ப அறிக்கையைத் திறக்குமுன் அந்தக் கணக்கை ஒருமுறை வாசிக்கட்டும்.